தொட்டியில் ஊற்றிய பினாயில்

"அடிப்பாவி! வாயில்லாத ஜீவன் தின்னுற தீனிடீ அது!"

இடுப்பில் கூடையோடு படலைத் தள்ளிக்கொண்டு கொழுந்தன் வீட்டுக் கொல்லைக்குள் வந்த மூத்தவள், அப்படியே நின்றுவிட்டாள்.

அவளுடைய ஓரகத்தி, இளையவள், சிமெண்ட் தொட்டி விளிம்பில் ஏறி நின்று பீர் சக்கையின் மேல் பினாயிலைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். ஒரு டப்பா காலி. அடுத்ததன் மூடியைத் திருகினாள்.

பீர் கம்பெனியில் சாறு வடித்தபின் மிஞ்சுகிற பார்லிச் சக்கை. இளையவள் புருஷன் வண்டி வைத்துக் கொண்டுவந்து, உப்புத் தூவி, ஏறி மிதித்து, காற்றுப் புகாமல் தார்ப்பாய் போட்டு மூடி வைத்தது. அன்றைக்குப் பங்குக்குக் கூப்பிட்டபோது மூத்தவள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "எங்க வீட்ல குடிகார மாடு இல்லைம்மா!"

ஆனாலும் இப்போது மாட்டுக்கொட்டகைப் பக்கம் திரும்பிக் கத்தினாள்.

"தம்பி! ஓடி வாங்க! உங்க பொண்டாட்டி பண்ற அக்கிரமத்தைப் பாருங்க!"

பால் கறந்த கையோடு கொழுந்தன் ஓடிவந்தான். நெடி மூக்கில் ஏறியதும் தொட்டியை எட்டிப் பார்த்தான்.

"ஏய், உனக்கென்ன பைத்தியமா?"

"பூசணம் பிடிச்சிருச்சுங்க. பாய் ஓரம் திறந்து கிடந்துச்சு, காத்து புகுந்துடுச்சு. இனி மாட்டுக்கு ஆகாது, சினை மாடுன்னா கன்னே கலைஞ்சிடும்."

"பூசணமா?" மூத்தவள் பாய்ந்தாள். "அது மாவுடீ! ரெண்டு நாளா வெள்ளை வெளேர்னு எப்படிப் பூத்து வந்துச்சு! அம்புட்டும் சத்து!"

கொழுந்தன் மெல்லத் திரும்பினான்.

"பாய்க்கு அடியில பூத்தது உங்களுக்கு எப்படி அண்ணி தெரியும்?"

மூத்தவள் கூடையை முந்தானையால் மூடினாள்.

"நான்தாங்க அக்காகிட்ட சொன்னேன்" என்றாள் இளையவள் பட்டென்று. "பெருச்சாளி பாயை இழுத்துப் போட்டிருக்குன்னு."

"அவ்வளவு பெரிய கல்லு வெச்சிருந்தேனே! பெருச்சாளியா, புலியா?"

"எதுவோ ஒண்ணு. விடுங்களேன்."

"சரி, குழி வெட்டிப் புதைச்சா போச்சு. பினாயில் எதுக்கு?"

"நீங்க வெட்ட நாளைக்காகும். அதுக்குள்ள ஏதாவது மாடு வாய் வெச்சுட்டா? இந்த நெடிக்குக் கிட்ட வராதுல்ல?"

அவன் தலையில் அடித்துக்கொண்டே போனான்.

இளையவள் கீழே இறங்கினாள். மூத்தவள் இடுப்பிலிருந்த கூடையை வாங்கிக் கவிழ்த்துத் தட்டினாள். அடியில் ஒட்டியிருந்த நேற்றைய சக்கை பொலபொலவென்று உதிர்ந்தது.

மூத்தவள் காலால் மண்ணைத் தள்ளி அதை மூடினாள்.

"வீட்ல மிச்சம் இருந்தா உடனே கொட்டிடுங்க."

"தெரிஞ்சிருந்தா... என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேடீ?"

"கேட்டா நீங்க எடுக்கலைன்னு சத்தியம் பண்ணுவீங்க, அப்புறம் மாட்டுக்கும் வெச்சுடுவீங்க. உங்க மாடு சினையா நிக்குதேக்கா!"