கூப்பிட ஆள் இல்லாத விருந்து

“பந்தியிலயா? நீயா?”

பிரிஜ்நந்தன் பாபு கேட்ட வேகத்தில் பாதி மழித்த தலை திரும்பியது. ராம்பரோஸ் சட்டென்று கத்தியைத் தூக்கிக்கொண்டார். இல்லாவிட்டால் செத்துப்போன அப்பாவுக்குப் பின்னாலேயே மகனும் கிளம்பியிருப்பார்.

“எஜமான் நீங்க, கோவிச்சுக்காதீங்க மாலிக். முப்பது வருஷமா இந்த ஊர் விருந்துக்கெல்லாம் வீடு வீடாப் போய்க் கூப்பிடறது நான்தான். எல்லாரும் கை கழுவினப்புறம் கிணத்தடியில நின்னுக்கிட்டே தின்னுட்டுப் போறேன். பெரியவர் காரியத்துக்காவது நானும் என் சம்சாரமும் ஊரோட உக்காந்து சாப்பிடறோமே.”

“ஜாதி பாக்கிறவனாடா நான்? நீ குடுக்கிற தண்ணியக் குடிக்கிறேன். என் கழுத்தையே உன் கத்திகிட்ட குடுத்திருக்கேன். ஆனா பந்தின்னா பந்தி. நாலு பேர் எழுந்து போயிட்டா அப்பாவுக்குத்தானே அவமானம்?”

ராம்பரோஸ் கத்தியை மறுபடியும் தலையில் வைத்தார். மிச்சப் பாதித் தலையையும் மழித்து முடித்தார்.

மொட்டைத் தலையைத் தடவிப் பார்த்ததும் பாபுவுக்குப் பெருந்தன்மை வந்தது.

“உனக்கும் வயசாச்சு. இந்தத் தடவை நீ அலைய வேண்டாம். காலம் மாறிடுச்சுடா. எல்லாத்தையும் நான் போன்லயே பாத்துக்கறேன்.”

அன்று சாயங்காலமே, போனில் இருந்த ஊர்க்காரர்கள் அத்தனை பேருக்கும் அப்பாவின் படத்தோடு அழைப்பு பறந்தது. ‘பதிமூன்றாம் நாள் விருந்துக்குக் குடும்பத்தோடு வந்து பந்தியைச் சிறப்பிக்கவும்.’ ராம்பரோஸ் ஒரு நாள் முழுக்க நடக்கிற ஊரைப் பாபு ஒரே தட்டலில் சுற்றிவந்துவிட்டார்.

பதிமூன்றாம் நாள் பகல். பூரி, பூசணிக்காய்க் கறி, தயிர், பூந்தி. இலை போட்டாயிற்று.

பீகாரில் சமஸ்திபூர் பக்கம், அழைப்பு எத்தனை முறை வந்தாலும் சரி, சமையல் முடிந்ததும் ஓர் ஆள் வாசலில் நின்று ‘பிஜே’, அதாவது ‘சாப்பிட வாங்க’ என்று குரல் கொடுத்தால்தான் கௌரவமானவர்கள் செருப்பையே மாட்டுவார்கள். பாபு அதையும் மறக்கவில்லை. பன்னிரண்டு மணிக்கு, ‘சாப்பாடு தயார். பிஜே’ என்று போனில் போட்டார்.

கட்டைவிரல்கள் வந்தன. கும்பிட்ட கைகள் வந்தன. வாய் மட்டும் ஒன்றுகூட வரவில்லை.

ஒரு மணி. இரண்டு மணி. பூரி செருப்புத்தோல் ஆகிக்கொண்டிருந்தது.

“ஊர் சாப்பிடாம அப்பா ஆத்மா கரையேறாதுங்களே” என்றார் காரியம் செய்துவைத்த பண்டிதர். அவர் முதலிலேயே சாப்பிட்டுவிட்டதால் ஏப்பத்துக்கு நடுவே சொன்னார்.

“எல்லாம் அந்த நாவிதப் பய வேலை! ஒருத்தனும் போகக் கூடாதுன்னு ஊரையே கலைச்சிருக்கான்!”

கத்தியபடியே பாபு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினார். வீட்டுக்கு வீடு ஆண்கள் விருந்துக்கு உடுத்திக்கொண்டு கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, அவரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தெருக்கோடியில் ராம்பரோஸ் வீடு. அவரும் வாசலில்தான் இருந்தார். சலவைக் குர்தா. பக்கத்தில் அவர் மனைவி, புதுச் சேலையில்.

“ஏன்டா, ஊர்ல என்னடா சொல்லி வச்சே?”

“நானா? யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசல மாலிக்.”

“அப்ப ஏன் ஒருத்தனும் வரல?”

“வாசல்ல வந்து யாரும் பிஜே சொல்லலியே. போன் கூப்பிட்டா போன்தானே போய்ச் சாப்பிடணும்னு பேசிக்கிறாங்க.”

“தெரிஞ்சுக்கிட்டே உக்காந்திருக்கியா? கிளம்பு! ஓடிப் போய் எல்லாரையும் கூப்பிடு!”

“நான் எப்படிங்க போறது?” ராம்பரோஸ் பையிலிருந்து போனை எடுத்துக் காட்டினார். “எனக்கும் அழைப்பு வந்திருக்கே. குடும்பத்தோட வந்து பந்தியைச் சிறப்பிக்கணும்னு போட்டிருக்கீங்க. விருந்தாளி போய் விருந்தாளியக் கூப்பிட்டா, பாக்கிறவங்க உங்களத்தானே தப்பா நினைப்பாங்க?”

பாபு அழைப்பைப் பார்த்தார். தன் பெயர். அப்பாவின் படம்.

“அது... தவறுதலா...”

“பெரியவர் படம் போட்டு வந்ததைத் தவறுதலுன்னு சொல்லலாமா மாலிக்?” என்றாள் ராம்பரோஸின் மனைவி. “பத்து மணியிலேருந்து கிளம்பி உக்காந்திருக்கோம். நீங்க ஒரு வார்த்தை சொன்னா வந்துடறோம்.”

பாபு தெருவை மேலும் கீழும் பார்த்தார். தூரத்தில் அவர் வீட்டுப் பந்தலில் காக்கைகள் இறங்கிக்கொண்டிருந்தன. மெதுவாக இரண்டு கைகளும் சேர்ந்தன.

“பிஜே... ராம்பரோஸ்.”

“இதோ வந்துட்டோம்” என்று எழுந்தார் ராம்பரோஸ். “பக்கத்து வீட்டுல மட்டும் கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க மாலிக். அங்க பெருசுக்குக் காது மந்தம்.”