நாற்பது வயது நான்

பிளஸ் டூ கடைசி நாளில் எல்லோருக்கும் காட்டுவதுபோல எனக்கும் நாற்பது வயது என்னைத் திரையில் காட்டினார்கள். பார்த்துவிட்டுக் கட்டைவிரல் வைத்தால், அவள் படித்த கல்லூரியிலேயே இடம் உறுதி. வைக்காவிட்டால் நாமே அலைந்து தேடிக்கொள்ள வேண்டியதுதான்.

அதே மூக்கு, அதே கன்னத்து மச்சம். திருச்சியில் வங்கி மேலாளராம், சொந்த வீடாம்.

"எம் பொண்ணு எவ்ளோ லட்சணமா இருக்கா!" அம்மா பூரித்துப்போனாள்.

இவள்தான் நான் என்றால், இத்தனை நாள் எனக்குள் ஆசைப்பட்டுக்கொண்டிருந்தவள் யார்?

"கப்பல் இன்ஜினியர் ஆகணும்னு இருந்தோமே?" என்று திரையில் இருந்தவளிடம் கேட்டேன்.

"அதுவா? விட்டுட்டேன் கண்ணு."

"விட்டப்ப அழுதியா?"

"எதுக்கு அழணும்?" என்று சிரித்தாள்.

கோ-கோ ஆட்டத்தில் தோற்றாலே சோறு தின்னாமல் அழுகிறவள் நான். அது அம்மாவுக்குத் தெரியும். திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இது யாரோடி. வா, போலாம்." விரல் வைக்க விடாமல் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

வெளியே என் வகுப்புத் தோழி ஜீனத் மைப்புட்டியோடு நின்றாள். கடைசி நாளில் ஒருவர் சீருடையில் ஒருவர் மை தெளிப்பது எங்கள் வழக்கம்.

"எவ்ளோ நேரம்டி? நீ ஒருத்திதான் இன்னும் வெள்ளையா இருக்கே!"

காலையில்தான் "மையோட வந்தா நீயே துவைச்சுக்கோ" என்று மிரட்டியிருந்த அம்மா, புட்டியைப் பிடுங்கி மை மொத்தத்தையும் என்மேல் தெளித்தாள்.

"கப்பலுக்குப் போறவளுக்கு நீலம் நல்லாத்தான் இருக்கு!"