எஸ்தர் அக்காவின் எதிரொலி

2051 மார்ச் 9

ஒரு சிறிய தவறு செய்திருக்கிறேன். எங்கள் ராணுவ ரேடார் ஆய்வகத்தின் வாசலில் உள்ள கருவி, உள்ளே வருவோரை இதயத்துடிப்பை வைத்து எண்ணும். போன மாதம் எஸ்தர் அக்கா தனியாக வரும்போதெல்லாம் அது "இருவர்" என்றது. காவலர் தினமும் அவரை நிறுத்திப் பின்னால் எட்டிப் பார்த்தார். சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலி என்று நானே முடிவு செய்து, அதை நீக்க ஒரு வடிகட்டி நிரல் எழுதினேன். சரிபார்க்கவில்லை.

இன்று மனம் கேட்காமல் வடிகட்டியை எடுத்துவிட்டேன். அக்கா வந்தார்.

"ஏண்டி சுகந்தி, இன்னிக்கு நான் எத்தனை பேருடி?"

"ஒருவர்" என்றது கருவி.

"அப்பாடா, இளைச்சுட்டேன் போல!" என்று சிரித்தபடி உள்ளே போனார்.

எதிரொலி என்றால் இன்றும் வந்திருக்க வேண்டுமே. வடிகட்டாத பழைய பதிவுகளைத் திறந்தேன். இரண்டாவது துடிப்பு அக்காவுடையதைவிட இரு மடங்கு வேகமாக இருந்தது. எதிரொலி என்றால் அசல் துடிப்பின் வேகத்திலேயே இருக்கும். நான் போகும் ரேடார் மாலை வகுப்பில் முதல் நாளே சொன்னார்கள். அந்தத் துடிப்பு அவர் வயிற்றுக்குள்ளிருந்து வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை வரை இருந்தது. திங்களன்று இல்லை.

மதியம் சாப்பிடும்போது, "வயிறு நல்லா இருக்காக்கா?" என்று கேட்டேன்.

"லேசா வலிக்குதுடி. வயசாகுதுல்ல, இப்பல்லாம் மாதவிலக்கு தள்ளித் தள்ளித்தான் வருது."

அவருக்கு எதுவுமே தெரியாது.

நாளை: வேலை தொடங்கும் முன் அக்காவிடம் சொல்ல வேண்டும். சொல்லி, மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வேண்டும்.