டிக்கிக்கு வெளியே இரண்டு கால்கள்

“அப்படியே மெதுவாகப் பின்னுக்கு வாருங்கள். கைகள் இரண்டும் எனக்குத் தெரிய வேண்டும்!”

டொச் என்கிற ஜெர்மன் மொழியில் வந்த கட்டளையைக் கேட்டு ஜெசிந்தனுக்கு நடுக்கம் இன்னும் கூடியது. ஏற்கெனவே குளிரில் நடுங்கிக்கொண்டுதான் இருந்தான். தலையும் உடம்பும் கார் டிக்கிக்குள்ளே. கால்கள் மட்டும் வெளியே.

மெல்ல நகர்ந்து இறங்கினான். முகத்தில் டோர்ச் வெளிச்சம் அடித்தது. எதிரே இரண்டு பொலிசார். ஒருத்தி இளம்பெண், மற்றவர் பெரிய மீசைக்காரர்.

“இது என்னுடைய கார்தான்.”

“சொந்தக் காருக்குள் டிக்கி வழியாகவா போவீர்கள்?”

“மற்றக் கதவெல்லாம் உறைந்து போய்விட்டது.”

உண்மைதான். இரவு பெய்த மழை, விடியும் முன் பனிக்கட்டியாகிவிட்டது. ஹம்பேர்க்கில் அப்படித்தான். திறப்பு பூட்டுக்குள் போகவில்லை. வாயால் ஊதிப் பார்த்தான். லைட்டரால் திறப்பைச் சூடாக்கிச் செருகிப் பார்த்தான். கடைசியில் திறந்தது டிக்கி ஒன்றுதான். பின் சீற்றை மடித்து உள்ளே ஊர்ந்தவன், குளிர் ஜாக்கெட்டின் தடிப்பில் பாதியில் இறுகிவிட்டான்.

“பூட்டுக்கு அடிக்கிற ஸ்பிரே உங்களிடம் இல்லையா?” என்று கேட்டாள் பொலிஸ்காரி.

“இருக்கிறது.”

“எங்கே?”

“காருக்குள்ளே.”

அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். மீசைக்காரர் அடக்கவில்லை.

“சிரிக்காதீர்கள் ஐயா. நான் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கிறவன். முதல் வீட்டில் ஒரு தாத்தா காலைச் சாப்பாட்டுக்குப் பாண் துண்டுகளை முன்னால் வைத்துக்கொண்டு இருப்பார். நான் போய் இன்சுலின் ஊசி போட்டால்தான் அவர் சாப்பிடலாம்.”

அதற்குள் மனைவி தக்சாயினி கார்ப் பத்திரத்தோடு மாடியிலிருந்து ஓடிவந்தாள். பொலிசிடம் அதைக் கொடுத்துவிட்டு, கணவனிடம் தமிழில் பொரிந்தாள்.

“கீழ்வீட்டு மனுசிதான் பொலிசுக்குப் போன் அடிச்சிருக்கிறா! யன்னல் சீலையை விலக்கி உங்களைப் பாத்துக்கொண்டு நிண்டவ. நான் கண்டனான்.”

“சும்மா இரும்.”

“என்னத்துக்குச் சும்மா இருக்கிறது? சப்பாத்தை வெளியில வைச்சால் குற்றம். மீன் பொரிச்சால் குற்றம். இப்ப எங்கட காரை நாங்கள் திறந்தாலும் குற்றமோ? மூண்டு தலைமுறை இஞ்ச இருந்தாலும் நாங்கள் இவைக்கு வெளிநாட்டுக்காரர்தான்!”

அந்த நேரம் பார்த்துக் கீழ்வீட்டுக் கதவு திறந்தது.

திருமதி கிளாசன் வந்தார். இரவு உடுப்புக்கு மேலே நீளக் கோட். ஒரு கையில் தலைமயிர் காயவைக்கிற மெஷின். மறு கையில் வயர்ச் சுருள். அதன் மறுமுனை அவருடைய வீட்டுக்குள்ளிருந்து நீண்டு வந்துகொண்டிருந்தது.

“இந்த வயரைத் தேடி நிலவறை முழுக்கப் புரட்டிவிட்டேன்,” என்று மூச்சு வாங்கினார். அப்புறம்தான் பொலிசைக் கண்டார். “நீங்கள் எதற்கு வந்தீர்கள்? இவர் என் மேல்வீட்டுக்காரர். நல்ல மனிதர். சும்மா நிற்காமல் வெளிச்சத்தைப் பூட்டுக்குப் பிடியுங்கள்!”

மீசைக்காரர் மறுபேச்சில்லாமல் டோர்ச்சைப் பிடித்தார்.

சூடான காற்று பூட்டுக்குள் போனது. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் இறங்கியது. திறப்பு திரும்பியது. கதவு மட்டும் அசையவில்லை.

“இழுக்காதே, றப்பர் கிழிந்துவிடும்! முதலில் உள்ளுக்குத் தள்ளு,” என்றார் கிளாசன்.

ஜெசிந்தன் தள்ளினான். பொலிஸ்காரியும் தோள் கொடுத்தாள். விளிம்பைச் சுற்றிப் பனி படபடவென்று உடைந்தது. கதவு திறந்துகொண்டது. எல்லாரும் கைதட்டினார்கள்.

தக்சாயினிக்கு முகம் சிவந்துவிட்டது. “ஐயோ, இந்த மனுசியைப் போய் நான்...” என்று முணுமுணுத்தவள், கிளாசனின் குளிர்ந்த கைகளைப் பிடித்துக்கொண்டு டொச்சில் சொன்னாள். “வாருங்கள், சூடாகத் தேநீர் குடிக்கலாம்.”

“மீன் பொரியலும் உண்டா?” என்று கேட்டார் கிளாசன். “அந்த வாசனை வந்தால் எனக்குப் பசி தாங்குவதில்லை. அதைத்தானே ஒவ்வொரு முறையும் சொல்கிறேன்!”

பொலிசார் பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துப் புறப்பட்டார்கள். “உங்களை அழைத்தது யார்?” என்று ஜெசிந்தன் கேட்டான்.

“அதைச் சொல்லக்கூடாது. ஆனால் உங்கள் மேல் அக்கறை உள்ள ஒருவர்தான்.”

ஜெசிந்தன் காரை ஸ்டார்ட் செய்தான். தாத்தாவுக்குப் போன் போட்டு, “இதோ வருகிறேன்” என்றான். பாண் இன்னும் சூடாக இருக்கிறது, மெதுவாக வா என்றார் அவர்.

அப்போது எதிர்க் கட்டடத்திலிருந்து ஒருவர் வழுக்கி வழுக்கி ஓடிவந்தார். இடுப்பில் கட்டிய சாரத்துக்கு மேலே பெரிய குளிர் ஜாக்கெட். நவரத்தினம் அண்ணை. ஊரில் பக்கத்துத் தெரு, இங்கேயும் பக்கத்துக் கட்டடம். ஜெசிந்தனுக்குக் கூடப்பிறந்த அண்ணன் மாதிரி.

“தம்பி, கார் பத்திரமாய் இருக்கோ?”

“ஓம் அண்ணை. ஏன் இப்பிடி ஓடி வாறியள்?”

“அப்பாடா! உமக்குத்தான் முதல் போன் அடிச்சனான், நீர் எடுக்கேல்லை. யன்னலாலை பாக்கிறன், தொப்பியும் போட்டுக்கொண்டு ஒருத்தன் உம்மட கார் டிக்கிக்குள்ள பூருறான். விடுவனே நான்? உடன பொலிசுக்கு அடிச்சுச் சொல்லிப்போட்டன், ‘ஆரோ ஒரு வெளிநாட்டுக்காரன் களவெடுக்கிறான், கெதியா வாங்கோ’ எண்டு!”