ஆறில் முடிந்த தீர்மானம்

தையல் ஆலைச் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் பன்னிரண்டு பேர். எட்டுப் பேர் கை தூக்கினார்கள்.

"தீர்மானம் தோத்துப் போச்சு" என்றார் தலைவர்.

பொருளாளர் அக்கா நிமிர்ந்தார். "மூணுல ரெண்டு பங்கு வேணும்னுதானே விதி? பன்னிரண்டுல எட்டு, ரெண்டு பங்குதானே?"

"விரல் விட்டு எண்ணுறது சந்தைக்குச் சரி. சங்கத்துக்குக் கணக்கு வேணும்."

தலைவர் மேஜையிலிருந்த கால்குலேட்டரை இழுத்து, எட்டைப் பன்னிரண்டால் வகுத்தார். புள்ளிக்குப் பின்னால் வரிசையாக ஆறுகள் நின்றன.

"இதை மூணால பெருக்கினா ரெண்டு வரணும். வருதா பாருங்க."

1.9999998 வந்தது.

"அந்த ஆறு முடிவில்லாம போகும், தலைவரே. இடம் பத்தாம மெஷின் வெட்டிடுச்சு" என்றார் கட்டிங் மாஸ்டர்.

"வெட்டினா வெட்டினதுதான். நீங்க வெட்டின துணியைத் திரும்ப ஒட்டுவீங்களா?"

நாலு பேர் சிரித்தார்கள். கை தூக்காத நாலு பேர்.

வேலை போனவள் வெளியே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். ஆலையில் பெண்கள் கழிப்பறையைப் பூட்டி வைத்திருந்தார்கள். அவள் பூட்டை உடைத்தாள். அன்றே அனுப்பிவிட்டார்கள். அவளுக்காகச் சங்கம் வேலைநிறுத்தத்தில் இறங்குமா என்பதுதான் தீர்மானம்.

"அவ உங்க கூடப் பிறந்த தங்கச்சி" என்றார் பொருளாளர் அக்கா.

"அதனாலதான் சொல்றேன். தங்கச்சிக்காக விதியை வளைச்சான்னு நாளைக்கு ஒருத்தரும் பேசக் கூடாது."

இப்படியும் ஒரு மனிதரா என்று ஒருவர் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார்.

அக்கா விடவில்லை. "இந்த வருஷம் எத்தனை பேருக்கு வேலையை மீட்டுக் கொடுத்தோம்? அந்த எண்ணால எதையாவது வகுத்துப் பாருங்க."

கட்டிங் மாஸ்டர் தட்டிப் பார்த்தார். "எரர்னு நிக்குது, அக்கா."

"பூஜ்ஜியத்தால வகுக்கக் கூடாது" என்றார் தலைவர் பொறுமையாக. "மெஷின் தாங்காது. அடுத்த பொருளுக்குப் போவோம்."

அடுத்த பொருள், தலைவர் பதவியை இன்னொரு தவணைக்கு நீட்டிப்பது. அதற்கும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும்.

எட்டுக் கைகள் உயர்ந்தன. ஒன்று தலைவருடையது.

அக்கா கால்குலேட்டரை அவர் பக்கம் தள்ளினார்.

"அது பழசு" என்றபடி தலைவர் சட்டைப் பையிலிருந்து வேறொன்றை எடுத்தார். வகுத்தார். ஆறு ஆறாக வந்து கடைசியில் ஏழு நின்றது. மூன்றால் பெருக்கினார்.

2.0000001.

"தேவைக்கு மேலேயே ஆதரவு இருக்கு. நன்றி, தோழர்களே."

"அப்போ தங்கச்சி தீர்மானமும் ஜெயிச்சிருச்சே?"

"முடிஞ்சுபோன தீர்மானத்தைக் கிளற விதியில இடம் இல்லை, அக்கா."

அக்கா பழைய கால்குலேட்டரை எடுத்தார். குப்பைக்கூடையை நோக்கிப் போனார்.

தலைவர் பதறி எழுந்து அவர் கையைப் பிடித்தார்.

"ஐயோ, அதைப் பத்திரமா வைங்க. வேலை போச்சுன்னு இன்னும் யாராவது வருவாங்க."