மாதிரிப் பெயர்கள்

கல்யாண மண்டபத்துக்காக வடிவமைத்துக்கொண்டிருந்த இணையதளத்தின் முகப்பில், மாதிரிக்கு "பரிதி – வாணி" என்று போட்டிருந்தாள் வாணி. யாரும் பார்ப்பதற்குள் மாற்றிவிடுவதாகத்தான் எண்ணம்.

"நிஜ ஜோடி பேரைப் போடும்மா, வயசுப் பசங்களுக்குப் பிடிக்கும். நம்ம பரிதிக்குத்தான் நிச்சயமாயிடுச்சே" என்றார் மேலாளர்.

மறுநாள் பக்கத்து இருக்கைப் பரிதி, தான் கட்டிக்கொள்ளப்போகிறவளையே அலுவலகத்துக்கு அழைத்து வந்தான். வாணி தன் பெயரை அழித்துவிட்டு "ஐஸ்வர்யலட்சுமி" என்று அடித்தாள். தன் பெயருக்கென்று அளந்த கட்டத்தில் அது கொள்ளவில்லை. பாதி கீழே இறங்கி நின்றது.

"ஐயோ, என் பேரு உடைஞ்சுபோச்சே! எழுத்தைச் சின்னதாக்குங்கக்கா" என்று சிரித்தாள் அந்தப் பெண்.

எழுத்தளவைக் குறிக்கும் ஒரே ஓர் எண்ணை மாற்றினால் போதும்.

"முடியாதுங்க. அளவு அப்படித்தான்" என்றாள் வாணி.

நான்கு வருடமாக இதே வேலையைச் செய்யும் பரிதி, திரையிலிருந்து கண்ணை எடுத்து வாணியைப் பார்த்தான்.