கத்தி படாத உடம்பு

“பிரஷர் ஏறிக்கிட்டே போகுது. சுகப்பிரசவத்துக்குக் காத்திருந்து பாக்கலாம், ஆனா அதுல ஆபத்தும் இருக்கு. இல்லன்னா ஆபரேஷன்தான்,” என்றார் கள்ளக்குறிச்சி டாக்டரம்மா.

“ஆபரேஷனே பண்ணிடுங்க,” என்றாள் மாமியார் பச்சையம்மாள், பட்டென்று.

நிறைமாதத் தேவிப்ரியாவுக்குச் சந்தேகம் தட்டியது. ‘கத்தி படாம பெத்த உடம்பு இது’ என்று கச்சிராயபாளையம் டவுன் பஸ் கண்டக்டரிடம்கூடப் பீற்றிக்கொள்ளும் மனுஷியாயிற்றே!

டாக்டரம்மா நகர்ந்ததும் கேட்டேவிட்டாள்.

“இன்னா அத்த, ஜோசியர்கிட்ட நேரம் குறிச்சிக்கினு வந்துட்டீங்களா? பேரன் கலெக்டராவணுமா?”

“அதெல்லாம் இல்லடி.”

“அப்புறம் இன்னா? நீங்க மட்டும் சுகமா பெத்துக்கினீங்க, என்னை மட்டும் அறுக்கணுமா?”

பச்சையம்மாள் வாசல் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“எனக்கும் இதே பிரஷர்தான். உன் வூட்டுக்காரனுக்கு முன்னாடி ரெண்டு பெத்தேன். அதுவும் சுகப்பிரசவந்தான். ரெண்டும் அழவே இல்லடி.”